வளையல் படாத கதவு

ஒரு காரைக் கழுவுவதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களிடம் சோலைமலை வாதாடமாட்டார். வாளியை எடுத்துக் கையில் கொடுத்து, "கழுவிப் பாருங்க" என்பார். கேட்டவர் துணியை முக்கிப் பிழிந்து வண்டியின் மேல் வைக்கப் போகும்போதே, "நில்லுங்க, நில்லுங்க" என்று அந்தக் கையைப் பிடித்துக்கொள்வார். அக்கரப்பத்தனைப் பக்கம் நரித்தோட்டம் என்கிற தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரையின் கறுப்பு ஹம்பர் காரைப் பத்து வருசமாகக் கழுவித் துடைத்தவர் அவர். அத்தனை வருசத்தில் இன்னொரு கை அந்த வண்டியைத் துடைக்க அவர் விட்டதே இல்லை.

நரித்தோட்டம் என்பது சனங்கள் வைத்த பேர். துரைமார் வைத்த இங்கிலீசுப் பேர் ஒன்று ஆபீஸ் பலகையில் எழுதியிருக்கும். அதைச் சொல்லப் போனால் நமக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

சோலைமலை பிறவியிலேயே கார் கழுவ வந்தவர் இல்லை. 1950ஆம் வருசத்து ஆனி மழையில் கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கும்போது வழுக்கி, மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தார். வலது முழங்கால் திரும்பிக்கொண்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு மூன்று மாதம் கிடந்தார். எலும்பு கூடியது, ஆனால் கால் மடங்கவில்லை. மலை ஏற முடியாத ஆம்பிளைக்குத் தோட்டத்தில் என்ன வேலை இருக்கிறது? விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும்போது கண்டாக்கு ஐயா இவருடைய காலைப் பார்ப்பார், பிறகு அடுத்த ஆளிடம் போய்விடுவார். அந்த வருசங்களில் நம் சனங்களுக்கு ஓட்டும் இல்லை, பிரஜாவுரிமையும் இல்லை. தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோலில் பேர் இருந்தால், தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் ஒற்றை அறைக் காம்பரா ஒன்று. பேர் போய்விட்டால் காம்பராவைக் காலி பண்ணச் சொல்லி ஆள் வந்து நிற்கும். வீட்டிலோ மனைவி வேலாயி, எட்டு வயது மகள் நாகலெட்சுமி. எங்கே போவார்?

துரையின் டிரைவர் யேசுரட்ணம் நல்ல மனுசன். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். அதைவிடத் தவறாமல் கேலி பேசுகிறவர். பங்களாவில் கார் கழுவ ஓர் ஆள் வேண்டும் என்று துரை சொன்னபோது, "நொண்டி ஆளுன்னா பரவாயில்லையா தொரை? ஓடிப்போக மாட்டான்" என்று அவர்தான் சொல்லி வைத்தார். துரை சிரித்துவிட்டார். சோலைமலையின் பேர் செக்ரோலில் நின்றது.

முதல் நாளே கெட்டது. மலையில் எதைத் துடைப்பதானாலும் படங்குச் சாக்குதான். கொழுந்து பறிக்கிறவள் இடுப்பில் கட்டுவதும் அதுதான், மழைக்குத் தலையில் போடுவதும் அதுதான், செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியில் ஒட்டின மண்ணை வழிப்பதும் அதுதான். சோலைமலை வேலாயியிடம் அவள் படங்கைக் கேட்டு வாங்கி, நன்றாக நனைத்து, தன் நன்றியை எல்லாம் கையில் கொண்டு வந்து வண்டியைத் தேய்த்தார். சாக்கு நூலுக்குள் மண் இருந்தது. முன்பக்கத்து இடது மட்கார்டில் கோழி கிளறிய மாதிரி வெள்ளை வெள்ளையாய்க் கோடு விழுந்துவிட்டது.

துரை வந்து பார்த்தார். கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. சுருட்டை வாயிலிருந்து எடுத்து, தோட்டத்து ஆட்களோடு பேசுவதற்கென்றே துரைமார் பழகி வைத்திருந்த தமிழில் சொன்னார்.

"இன்னொரு கீறல் வந்தா, நீ மலைக்கு போ."

அந்த மட்கார்டு கொழும்புக்குப் போய்ப் புதுப் பெயிண்ட் அடித்துக்கொண்டு வந்தது. துரை அந்தச் சொல்லை அதற்குப் பிறகு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஆனால் அது சோலைமலையின் காதுக்குள் குடியேறிவிட்டது. மடங்காத காலோடு மலைக்குப் போவது எப்படி என்று தினம் காலையில் வாளியைத் தூக்கும்போது ஒரு தரம் நினைத்துக்கொள்வார்.

அதன் பிறகு அவர் படித்த படிப்பெல்லாம் வண்டியே கற்றுக்கொடுத்தது. காய்ந்த தூசியை ஒருநாளும் துணியால் துடைக்கக் கூடாது. துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவில் அந்தத் தூசிதான் கத்தி. முதலில் தண்ணீரை மேலிருந்து ஊற்றி அது தானாக வழிய விட வேண்டும். பீலிக் குழாயில் வருகிற தண்ணீர் மலையிலிருந்து வருகிறது. மழை பெய்த மறுநாள் அதில் பொடிமணல் கலந்திருக்கும். அதனால் வாளியைப் பிடித்து வைத்து, மணல் அடியில் தங்குகிற வரைக்கும் பாலில்லாத சாயத்தண்ணித் தேநீர் ஒன்று குடிக்கிற நேரம் காத்திருப்பார். அடியில் நாலு விரல் தண்ணீரைத் தொடவே மாட்டார், கீழே ஊற்றிவிடுவார். கூரையில் தொடங்கிக் கீழே இறங்குவார். சக்கரத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் வேறு துணி, வேறு வாளி. கை தவறித் துணி தரையில் விழுந்துவிட்டால், பீலியில் பிடித்து மூன்று தரம் அலசாமல் அது மறுபடி வண்டிக்கு வராது.

ஈரம் எடுப்பதற்குத் துரை ஒரு மெல்லிய தோலைக் கொடுத்திருந்தார். 'சம்மி' என்று அதற்குப் பேர். அதைப் பிழிந்து, உதறி, வண்டியின் மேல் விரித்து, இரண்டு மூலையையும் பிடித்துத் தன் பக்கம் மெதுவாக இழுப்பார். அழுத்தமாட்டார், தேய்க்கமாட்டார். இழுத்த இடம் இருட்டிய கண்ணாடி போல் நிற்கும். கராஜ் வாசல் வழியே வெயில் விழுகிறதற்குள் வேலை முடிய வேண்டும்; இல்லாவிட்டால் துளி காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி விழும்.

இவ்வளவும் போதாதென்று, கராஜுக்குள் போகுமுன் இடுப்பிலிருக்கும் வெள்ளி அரைஞாணைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். சட்டையிலிருந்த பித்தளைப் பொத்தான்களை வேலாயியிடம் சொல்லி வெட்டி எடுத்துவிட்டு நாடா தைத்துக்கொண்டார்.

"சோலமல அண்ணன் பொண்டாட்டிய தொடுறதுக்கும் தோலு வச்சிருக்காருடோய்" என்று யேசுரட்ணம் லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். சனங்கள் சிரித்தார்கள். வேலாயியும் சிரித்தாள். சோலைமலை சிரிக்கவில்லை. கீறல் விழுந்தால் மலைக்குப் போகப்போவது யேசுரட்ணமா?

இந்தப் படிப்பில் நடுவில் அகப்பட்டவள் நாகலெட்சுமி. காலையில் அப்பாவுக்குச் சாயத்தண்ணியும் ரொட்டியும் கொண்டு வருவது அவள் வேலை. அவள் வண்டிக்குப் பக்கத்தில் வந்துவிடக்கூடாது என்று கராஜ் தரையில் வாசலை ஒட்டி வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்தார் சோலைமலை. அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேச வேண்டும். அவளும் நின்றாள். பத்து வயதில் ஒருநாள், "நானும் கூட நின்னு தொடைக்கிறேன்ப்பா" என்று கேட்டாள். கண்ணாடி வளையல் போட்ட கை.

"வளையல கழட்டிட்டுத்தான் கிட்ட வரணும்" என்றார் அவர்.

அவள் உடனே கோட்டுக்கு வெளியே இருந்த குட்டிச்சுவரில் ஒவ்வொன்றாய்க் கழற்றி அடுக்கி வைத்தாள். பீலியில் கை கழுவினாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைக்காமல், அப்பா செய்கிற மாதிரியே உதறிவிட்டு வந்து நின்றாள். சோலைமலைக்கு ஒரு நிமிசம் மனம் இளகியது. பிறகு அவள் நகத்தைப் பார்த்தார்.

"இன்னக்கி வேணாம்மா. இன்னொரு நாளைக்கி."

அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. அவளும் அதன்பின் கேட்கவில்லை. அப்பாவிடம் அவள் அதிகமாய்க் கேட்ட சொல் எது என்று யாராவது கேட்டிருந்தால், தயங்காமல் 'தொடாதே' என்றுதான் சொல்லியிருப்பாள்.

1960ஆம் வருசம் பூண்டுலோயாவிலிருந்து மாப்பிள்ளை வந்தது. முத்துலிங்கம் என்று பேர். அங்கே ஒரு தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. நல்ல பையன், குடி கிடையாது. ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் லொறி பிடித்து வருவார்கள், அந்த லொறியிலேயே பெண்ணையும் ஏற்றிக்கொண்டு போவார்கள், அதுதான் அப்போது வழக்கம். லொறிக்குள் மகள் நின்றுகொண்டு போவதை நினைத்தபோது சோலைமலைக்கு ஓர் ஆசை முளைத்தது. எத்தனையோ வருசமாக அந்தப் பிள்ளையைத் தொடாதே தொடாதே என்று விரட்டியாயிற்று. ஒரே ஒரு நாள் அதே வண்டியில் அவளை ராணி மாதிரி ஏற்றி அனுப்பிவிட்டால் எல்லாவற்றுக்கும் ஈடு கட்டினதாகிவிடும் என்று அவர் நினைத்தார்.

யேசுரட்ணம்தான் இவருக்காகத் துரையிடம் போய்க் காரைக் கேட்டார். துரை வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பத்து வருசத்தில் ஒரு கோடு விழாத வண்டி. அதைப் பார்த்துத்தானோ என்னவோ, சரி என்றார். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் வண்டி திரும்பிவிட வேண்டும். பிறகு சுருட்டை எடுத்துவிட்டுச் சொன்னார்.

"நான் குடுத்த மாதிரி வரணும். கீறல் வந்தா தெரியும்தானே?"

"தெரியுங்க தொரை."

அன்று மாலை சோலைமலை வீட்டுக்கு நடந்து வந்த வேகத்தைப் பார்த்து, கால் குணமாகிவிட்டதோ என்று வேலாயி நினைத்தாள். அவர் விசயத்தைச் சொன்னதும் அவளுக்கு வாயெல்லாம் பல். நாகலெட்சுமிதான் அடுப்பை விட்டுத் திரும்பாமல் சொன்னாள்.

"கார் வேணாம்ப்பா. நான் லொறியிலயே போயிக்கிறேன்."

"ஏம்மா?"

"ஒங்களுக்குத்தான் கஷ்டம்."

"எனக்கென்ன கஷ்டம்? பைத்தியக்காரப் புள்ள" என்று அவர் சிரித்தார். அவள் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. விளங்கியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

கல்யாணம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில். அட்டனிலிருந்து நாகசுரமும் தவிலும் வந்திருந்தன. யேசுரட்ணம் வெள்ளைக் காற்சட்டை போட்டுக்கொண்டு காரைக் கொண்டுவந்து கோயில் வாசலில் நிறுத்திவிட்டு, ஒரு வாய் காப்பிக்குப் போனார். கார் வந்துவிட்டதென்றால் யாருக்குத்தான் கோயிலுக்குள் போகத் தோன்றும்? பாதிச் சனம் வெளியே காரைச் சுற்றித்தான். சோலைமலை பட்டு வேட்டி கட்டி, துண்டை இடுப்பில் வரிந்துகொண்டு, காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "குடைய சாத்தாதீங்க." "அக்கா, கூடைய அப்பிடி வைங்க." "சாயாதீங்க அண்ணே, சாயாதீங்க." பெண்ணைப் பெற்றவர் வந்தவர்களை வாங்க என்று கூப்பிட்டாரா, இல்லையா என்று பின்னால் கேட்டபோது யாருக்கும் ஞாபகம் இல்லை. தள்ளிப் போங்க என்று சொன்னது மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது.

தாரை வார்த்துக் கொடுக்க நேரமாயிற்று என்று ஆட்கள் வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். உள்ளே போய் உட்கார்ந்தார். மகளின் கையை மாப்பிள்ளை கையில் வைத்து, வேலாயி தண்ணீர் ஊற்ற, தாரை வார்த்துக் கொடுத்தார். மகள் அவரைப் பார்த்தாள். அவர் வாசலைப் பார்த்தார்.

வாசலில் மாப்பிள்ளையின் தாய்மாமன் பொன்னையா நின்றிருந்தார். நல்ல காரியத்துக்குப் போகிற வண்டிக்குத் திருநீறு பூசாமல் அனுப்புவது எப்படி என்று அவருக்கு நியாயமான கவலை. ஒரு தட்டு நிறையத் திருநீற்றை எடுத்து, ஹம்பரின் பொனட்டில் மூன்று பட்டை அழுத்தமாய்ப் போட்டு, நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பட்டை கொஞ்சம் கோணலாகிவிட்டது. அதைச் சரிப்படுத்தலாம் என்று தோளிலிருந்த காய்ந்த துண்டை எடுத்தார்.

சோலைமலை அதைப் பார்த்துவிட்டார். சாம்பல், காய்ந்த துண்டு, கறுப்புப் பெயிண்ட். வேறொன்றும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. தாரை வார்த்த கை காயுமுன் எழுந்து, பக்கத்திலிருந்த செம்புத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு, மடங்காத காலை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினார்.

"கைய எடுங்க மாமா. தொடைக்காதீங்க" என்று பொன்னையாவின் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டு, செம்புத் தண்ணீரைப் பொனட்டின் மேல் மெதுவாக ஊற்றினார். அவசரமாக ஊற்றினால் சாம்பல் பரவும். நூல் மாதிரி ஊற்ற வேண்டும். திருநீறு கரைந்து, குங்குமத்தோடு சேர்ந்து, பெயிண்டில் படியாமல் வழிந்து இறங்கியது.

உள்ளே கெட்டிமேளம் கொட்டியது.

அவர் கையில் செம்பு இருந்தது. பாதித் தண்ணீர் மிச்சமிருந்தது. தவிலின் சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. உள்ளே எல்லாரும் அட்சதை போட்டுக்கொண்டிருந்தார்கள். தாலி ஏறிவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. திரும்பிப் போய் என்ன செய்வது? மிச்சத் தண்ணீரையும் ஊற்றி முடித்தார்.

"பொண்ணு கழுத்துல தாலி ஏறுற நேரத்துல திருநீற கழுவி விடுறாரே, இவரெல்லாம் ஒரு தகப்பனா?" என்று பொன்னையா சத்தமாகவே கேட்டார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

"தொரை வண்டிங்க" என்றார் சோலைமலை.

மாலையும் கழுத்துமாய் மகளும் மருமகனும் வெளியே வந்தார்கள். நாகலெட்சுமியின் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல், சிவப்பும் பச்சையும். சோலைமலை காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். மகள் கிட்ட வந்தாள். தாலி கட்டிய பிறகு அவளிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

"வளையல் கதவுல படாம ஏறும்மா."

அவள் தலையாட்டினாள். இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துத் தூக்கி வைத்துக்கொண்டு, எதையும் பிடிக்காமல் குனிந்து ஏறினாள். ஏறும்போது தடுமாறினாள், அப்போதும் கையை நீட்டவில்லை. முத்துலிங்கம் தோளைப் பிடித்துக்கொண்டான். கார் புறப்பட்டபோது வேலாயி அழுதுகொண்டே கண்ணாடிப் பக்கம் ஓடினாள். கண்ணாடி இறக்கித்தான் இருந்தது. பெண் அந்த விளிம்பில் கை வைத்து எட்டி அம்மாவுக்கு ஒரு கை காட்டியிருக்கலாம். அவள் கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

சாயங்காலம் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே யேசுரட்ணம் வண்டியைக் கொண்டுவந்து கராஜில் விட்டார். வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்று சோலைமலை காத்திருந்தார். தலையைச் சாய்த்து, பெயிண்ட் ஓரமாய்க் கண்ணை வைத்துப் பார்ப்பார். அப்படிப் பார்த்தால் எறும்பு ஊர்ந்த தடம்கூடத் தெரியும். கூரையில் அட்சதை அரிசி. மட்கார்டில் மஞ்சள்தண்ணீர். டிக்கியில் ஐந்து விரல் பதிந்த தடம், யாரோ சாய்ந்து நின்றிருக்கிறார். முன்கதவில் எண்ணெய்க் கை. ஒரு கீறலும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டுக்கொண்டு பின்கதவுக்கு வந்தார். மகள் ஏறிய கதவு.

அதில் ஒன்றுமே இல்லை. சாய்ந்து பார்த்தார், குனிந்து பார்த்தார், கதவைத் திறந்து உட்பக்கம் பார்த்தார். ஊர்ச்சனம் முழுக்கத் தொட்டுவிட்டுப் போன வண்டியில், அவர் மகளின் விரல்தடம் ஒன்றுகூட இல்லை. காலையில் அவர் தோலால் இழுத்து விட்டது விட்டபடி அப்படியே இருந்தது. அந்தக் கதவைக் கழுவ வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. அதையும் கழுவினார்.

வீட்டுக்குப் போனதும் வேலாயி சோறு போட்டாள். போட்டுக்கொண்டே சொன்னாள்.

"தாலி கட்டுறப்ப புள்ள திரும்பித் திரும்பி ஒங்களத்தான் பாத்துச்சு."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் துரை வந்தார், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார், தலையாட்டிவிட்டு ஏறிப் போனார். வேலை நிலைத்தது. அதற்காகத்தானே எல்லாம்? ஆனால் பீலியடியில் வாளியை வைத்துவிட்டு மணல் தங்குவதற்குக் காத்திருக்கும் அந்தச் சும்மா நேரம் அவருக்கு இப்போது பெரிய தண்டனையாய் இருந்தது. அப்போதெல்லாம் காதுக்குள் அந்தக் கெட்டிமேளம் கேட்டது.

ஐப்பசியில் தலைத்தீபாவளிக்கு மகளும் மருமகனும் வந்தார்கள். துரைக்குத் தீபாவளி ஏது? அன்றும் அவர் எங்கேயோ போக வேண்டும், அன்றும் வண்டி கழுவ வேண்டும். சோலைமலை கூரையை முடித்துவிட்டுப் பின்கதவுக்கு வந்தபோது, சாயத்தண்ணிப் போத்தலும் ஒரு தட்டில் முறுக்குமாய் நாகலெட்சுமி வந்து நின்றாள். புதுச் சேலை. வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம், பத்து வருசமாய் நின்ற அதே இடம்.

"உள்ள வாம்மா."

"இல்லப்பா. இங்கயே நிக்கிறேன்."

"வா. வந்து தொட்டுப் பாரு."

அப்பா கேலி பேசுகிறவர் இல்லை என்று அவளுக்குத் தெரியும். போத்தலையும் தட்டையும் குட்டிச்சுவரில் வைத்துவிட்டு, இடது கை வளையலைக் கழற்றத் தொடங்கினாள். முதல் வளையல் விரல் முட்டியைத் தாண்டி வந்துவிட்டது. அதைச் சுவரில் வைத்தாள். இரண்டாவதில் கை வைத்தாள்.

கல்யாணமாகி மூன்று மாதம் ஆகாத பெண், தலைத்தீபாவளி காலையில், வளையலைக் கழற்றுகிறாள். ஒரு பொம்பிளை கை வளையலை எல்லாம் கழற்றுவது எப்போது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அதையும் மீறி அவள் கைக்குப் பழகியிருந்தது இதுதான், அவர் பழக்கியது.

"கழட்டாத புள்ள. கழட்டாத."

"நீங்கதானப்பா சொல்லுவீங்க, வளையலோட கிட்ட வரக்கூடாதுன்னு."

அவர் கையிலிருந்த தோல் கீழே விழுந்தது. எடுக்கவில்லை. காலை இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி வந்தார். சுவரிலிருந்த வளையலை எடுத்து, மகளின் கையைக் குவித்துப் பிடித்து, வளையல்காரர் போடுகிற மாதிரி மெதுவாக நெரித்து ஏற்றினார். அந்தக் கையை விடாமல் அப்படியே கூட்டிக்கொண்டு போய், ஈரம் காயாத பின்கதவில் உள்ளங்கை படும்படி வைத்தார். வளையலெல்லாம் கதவில் மோதிக் கலகலவென்றன. அந்தச் சத்தத்துக்கு அவர் முதுகு சிலிர்த்தது. பிடியை விடவில்லை.

"கீறிடும்ப்பா."

"கீறட்டும்."

அவள் கையை எடுக்கப் பார்த்தாள். பிறகு எடுக்கவில்லை. வண்டி சில்லென்று இருந்திருக்க வேண்டும். "ஐஸ் மாதிரி இருக்குப்பா" என்றாள்.

"தாலி கட்டுறப்ப நான் இல்ல. பெரிய தப்புப் பண்ணிட்டேன் தாயி" என்றார் சோலைமலை.

அவள் மற்றக் கையையும் எடுத்துக் கதவில் வைத்தாள்.

அவள் போன பிறகு சாய்ந்து பார்த்தார். இருந்தது. விரல் நீளத்துக்கு, முடி மாதிரி மெல்லிசாய் ஒரு கீறல். கராஜ் அலமாரியில் மெழுகு டின் இருந்தது; லேசாய்த் தடவினால் மறைந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். டின்னைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் வேலாயியிடம், "நாளையிலருந்து நான் மலைக்கிப் போக வேண்டி வரும்" என்றார். அவள் என்ன ஏது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "போவோம். முடிஞ்ச வரைக்கும் ஏறுவோம்" என்றாள்.

காலையில் துரை வந்ததும், இவராகவே எதிரே போய் நின்றார்.

"தொரை, கீறல் விழுந்திருச்சிங்க. என் கையாலதான்."

துரை புருவத்தைத் தூக்கினார். "எங்கே?"

"இந்தா தொரை. பின்கதவுல."

துரை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். விரலால் தடவினார். இந்தப் பக்கம் நின்று பார்த்தார், அந்தப் பக்கம் நின்று பார்த்தார். "எங்கே?" என்று மறுபடி கேட்டார். சோலைமலை விரலை வைத்தே காட்டினார். யேசுரட்ணமும் வந்து குனிந்தார். "எனக்கும் ஒண்ணும் தெரியலயே அண்ணே" என்றார்.

"நோ. ஒண்ணும் இல்லே. உனக்கு பைத்தியம்" என்று துரை சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். வண்டி போய்விட்டது.

சோலைமலை அங்கேயே நின்றார். துரையின் கண்ணுக்கு இது தெரியவில்லை. கோழி கிளறிய மாதிரி விழுந்தால்தான் அந்தக் கண்ணுக்குத் தெரியும். அப்படியானால் அன்றைக்குப் பொன்னையா காய்ந்த துண்டால் ஓர் இழுப்பு இழுத்திருந்தாலும் தெரிந்திருக்காது. குடை சாய்ந்திருந்தாலும் தெரிந்திருக்காது. மகள் கதவைப் பிடித்து ஏறியிருக்கலாம். பத்து வயதில் வந்து நின்றவளை உள்ளே விட்டிருக்கலாம். அவர் செம்பை வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கலாம். அதை நினைத்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. மடங்காத காலை நீட்டிக்கொண்டு கராஜ் தரையில் உட்கார்ந்து, யாரும் இல்லாத இடம் என்பதால் வாய்விட்டே அழுதார்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, பக்கத்தில் வாளி இருந்தது. முந்தின நாள் மழை. அடியில் கனமாகப் பொடிமணல் தங்கியிருந்தது. அதைக் கை நிறைய அள்ளி வாசலில் இருந்த வெள்ளைக் கோட்டின் மேல் போட்டார். தேங்காய் மட்டை ஒன்றை எடுத்துவந்து, பலங்கொண்ட மட்டும் அழுத்தித் தேய்க்கத் தொடங்கினார். பழைய பெயிண்ட், லேசில் போகவில்லை. மத்தியானம் வேலாயி சோறு கொண்டு வந்தபோதும் தேய்த்துக்கொண்டுதான் இருந்தார்.